ஆயுதபூஜைக்கு மறுநாள்

செப்டம்பர் 16, திங்கள்

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்பது மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். புதிய கண்டுபிடிப்புகளுக்கான விருதுக் குழு என் இயந்திரத்தைப் பார்க்க அக்டோபர் 14 அன்று வருகிறது. இன்னும் இருபத்தெட்டு நாள்.

என் பெயர் சென்னியப்பன், ஊர் நெகமம். எட்டாவதோடு நின்றவன். கோவையில் ஒரு மோட்டார் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் லேத் ஓட்டினேன். வரைபடம் போட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குப்பையில் போட்ட தாள்களைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். தண்ணீர் கசியாத ஒரு மூடியை அங்கே நான்தான் செய்தேன். சின்ன முதலாளி அதைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். மேடை போட்டு அவருக்கு மாலை போட்டார்கள். அந்த மேடைக்கு நாற்காலி தூக்கிப் போட்டவன் நான்.

இந்த விருது விழாவுக்கு அவர்தான் தலைமை என்று கடிதத்தில் அச்சிட்டிருக்கிறது. "நெகமம் சென்னியப்பன்" என்று அவர் வாயால் மைக்கில் சொல்ல வேண்டும். அதை நான் மேடையில் நின்று கேட்க வேண்டும். எனக்கு எழுபத்தொன்று. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் சின்ன வயதுக்காரர்கள் சொல்வது.

அட்டை ஒன்றில் 'இன்றே' என்று பெரிதாக எழுதிப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். என் மனைவி வசந்தாமணி பார்த்துவிட்டு, "கடன் சொல்றவங்குளுக்கு மாட்டுன போர்டுங்களா?" என்று கேட்டாள். 

செப்டம்பர் 19, வியாழன்

குழாயில் வாஷர் மாற்றினேன். முட்டி வலி. நாலு மணிக்கே எழுந்து இயந்திரத்தின் மேல் சட்டத்தை அரம் போட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

இயந்திரம் தென்னை மரம் ஏறுவதற்கானது. இரண்டு இரும்புச் சட்டம். மேல் சட்டத்தில் உட்கார வேண்டும், கீழ்ச் சட்டத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கம்பிக் கயிற்றால் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மாற்றி மாற்றி மேலே தூக்கினால் ஏறிவிடலாம். சந்தையில் இதுபோல வேறு உண்டு. என்னுடையது எடை பாதி, வேகம் இரண்டு மடங்கு.

இன்று திருமூர்த்தி பத்தடி ஏறிப் பார்த்தான். பக்கத்துத் தெருக்காரன், இருபத்தைந்து வருடமாக மரம் ஏறுகிறவன். சபாபதியின் தோட்டத்தில்தான் சோதனை.

"எப்படிடா இருக்குது?"

"மாப்பிள்ளை ஊர்கோலம் மாரி இருக்குதுங்க மேஸ்திரி. மேல போனா தாம்பூலம் குடுப்பாங்களா?"

சபாபதி வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதடி ஏற நாலு நிமிடம் ஆகும் போலிருக்கிறது. இரண்டரைக்குள் வர வேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

பதினான்கு நாள். ஒரு பிடியை வெட்டி எடுத்துவிட்டேன். எடை இன்னும் குறைந்தது. திருமூர்த்தி மூன்று நிமிடத்தில் ஏறினான்.

இறங்கியதும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடியை விட்டுப் பதினாலு மாதம் ஆகிறதாம். மகள் சௌந்தர்யா அவனை ஆனைமலைக்குக் கூட்டிப்போய் மாசாணியம்மன் முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். "அவ பேசாம இருந்துட்டா எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றான். ஆண்பிள்ளை இப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

அக்டோபர் 10, வியாழன்

நாலு நாள்.

காலையில் திருமூர்த்தி வந்து இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கீழ்ச் சட்டத்தையும் கம்பிக் கயிற்றையும் ஒரு பெரிய இரும்பு முளை இணைக்கிறது. அது உருவிக்கொண்டு வராமல் இருக்க அதன் நுனித் துளையில் ஒரு சின்ன ஊசி செருகியிருக்கும். பட்டறையில் ஸ்ப்ளிட் பின் என்போம். அதைத் தொட்டுக் காட்டினான்.

"இது தேஞ்சு போச்சுங்க. மாத்திப் போட்டுருங்க."

"மாத்திடறேன்."

"மரம் ஏறறப்ப என்ற காலை நம்பி நிக்கறனுங்க. இதுல உங்க கையை நம்பி நிக்கறனுங்க. புது ஊசி போடாம நா ஏற மாட்டேன், சொல்லிப்போட்டேன்."

எனக்கே பாடம் எடுக்கிறான். சரி என்றேன்.

மத்தியானம் பொள்ளாச்சிக்குப் போய் வாங்குவதாக இருந்தேன். ஆனால் பெயர் எழுதும் வேலை பாக்கி இருந்தது. மேல் சட்டத்தில் சிவப்பு எனாமலில் 'நெகமம் சென்னியப்பன்' என்று நானே எழுதினேன். 'ன்' மட்டும் மூன்று தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுதபூஜை

பூஜை நன்றாக நடந்தது. லேத், டிரில், ஸ்பேனர்கள், இயந்திரம் எல்லாவற்றையும் துடைத்து வைத்தோம். வசந்தாமணி சந்தனம் குங்குமம் வைத்தாள். பொரி, கடலை, சுண்டல். திருமூர்த்தி வீட்டுக்கும் ஒரு தட்டு போனது.

துடைக்கும்போது அந்த ஊசி உடைந்துவிட்டது. கடைகள் எல்லாம் பூட்டு. நாளை விஜயதசமி, மறுநாள் ஞாயிறு. திங்கள் காலை பத்து மணிக்குக் குழு வந்துவிடும். வேறு வழி செய்துவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

ஒத்திகைக்கு இயந்திரத்தில் ஏறியபோது திருமூர்த்தி விழுந்துவிட்டான். இருபத்தைந்து அடி இருக்கும். உயிருக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் பாய்ந்த ஈர மண், பக்கத்தில் மட்டைக் குவியல். இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டன. இடுப்பில் விரிசல். பொள்ளாச்சியில் சேர்த்திருக்கிறது.

கால் தவறியிருக்க வேண்டும். வேகமாக ஏறினான். இடுப்புக் கயிறு கட்டும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

மோட்டார் ரூமிலிருந்து சபாபதி ஓடி வந்தார். "பூசை நாளாச்சே, போட்டுட்டு வந்துட்டானா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஊசிக்குப் பதில் ஒரு ஆணியைச் செருகி மடக்கியிருந்தேன். அதில் தவறில்லை. கம்பெனியில் அவசரத்துக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். ஆணி தாங்கும்.

தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 14, திங்கள்

குழுவுக்குப் போன் செய்து, ஏறுகிறவனுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். 28-ஆம் தேதி வருகிறார்களாம். பதினான்கு நாள் கிடைத்திருக்கிறது.

கடை திறந்ததும் ஸ்ப்ளிட் பின் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு பெட்டியில் நூறு இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருமூர்த்தியின் இரண்டு காலும் மாவுக்கட்டோடு மேலே தொங்குகின்றன. அவன் மனைவி ஈஸ்வரி எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டாள்.

"மேஸ்திரி, உங்க காரியத்தைக் கெடுத்துப்போட்டனுங்க" என்று அவன் அழுதான்.

 "அதை உடு" என்றேன்.

"எப்படி உளுந்தேன்னே தெரியலீங்க. பார்த்துட்டுத்தான் ஏறுனேன். பொட்டு வெச்சிருந்துச்சு. தொட்டுக் கும்புட்டுத்தான் ஏறுனேன்."

ஈஸ்வரி வெளியே வராந்தா வரை கூட வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நெசத்தைச் சொல்லுங்க மேஸ்திரி. அன்னிக்குக் குடிச்சிருந்தாருங்களா? ஊரே சொல்லுது. இந்த மனுசன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றாரு. புள்ள நம்ப மாட்டேங்கறா. ஆசுபத்திரிக்கு வரமாட்டேனுட்டா."

"நான் கவனிக்கலையே" என்றேன்.

பஸ் கிடைக்க நேரமாகிவிட்டது. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனதைக் கொடுக்க மறந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

ஆனைமலைப் பக்கத்திலிருந்து வேறு ஒருவனைப் பிடித்தேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. புது ஊசியைப் பத்து தடவை பார்த்தேன். இம்முறை இடுப்புக் கயிறும் கட்டினேன்.

சாப்பிடும்போது வசந்தாமணி கேட்டாள்: "ஏனுங்க, அந்த மிசின்ல நா ஒத்தப் பொட்டுத்தானே வெச்சேன். மேல் சட்டத்துல, உங்க பேருக்கு மேல. திருமூர்த்தி என்னமோ கீழ கெட்டியா அப்பியிருந்துச்சுங்கறானாமா?"

ரசத்தில் உப்பு அதிகம் என்றேன்.

அக்டோபர் 28, திங்கள்

குழு வந்தது. மூன்று பேர். ஒரு அம்மா அதிகாரி, இரண்டு ஆண்கள். இயந்திரம் குறையில்லாமல் ஏறியது. அந்த அம்மா என் வரைபடத்தைப் பார்த்து, "எந்தக் காலேஜ் சார்?" என்று கேட்டார். எழுபத்தொரு வருடம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் போல. "எந்தக் காலேஜும் இல்லம்மா" என்றேன்.

கடைசியில் ஒரு படிவம். 'சோதனையின்போது விபத்து ஏதும் நேர்ந்ததா?' எதிரில் இரண்டு கட்டம்.

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். திருமூர்த்தியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். வசந்தாமணி பலகாரம் கொண்டுபோனாள். என்னைக் கூப்பிட்டாள். முட்டி வலி, போகவில்லை.

நவம்பர் 1, வெள்ளி. அமாவாசை

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

காலையில் வசந்தாமணி ஈஸ்வரியோடு ஆனைமலைக்குப் பஸ் ஏறினாள். மத்தியானம் திரும்பி வந்தாள். கை இரண்டும் சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு முற்றத்தில் கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாசாணியம்மன் கோவிலில், அநியாயத்துக்கு ஆளானவர்கள் வரமிளகாயை அரைத்து அம்மனுக்குப் பூசுவார்கள். செய்தவன் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அம்மனுக்குத் தெரியும் என்பார்கள்.

"ஈஸ்வரி அளுதுட்டே நின்னாளுங்க, கையே ஓடல. நாந்தேன் அரைச்சேன்" என்றாள்.

"யார்மேல அரைச்சீங்க?"

"அன்னிக்கு அவனுக்கு ஊத்திக் குடுத்தவன் எவனோ, அவன்மேல. ஒரு குடும்பத்தையே கெடுத்தானே. அவன் நல்லா இருப்பானுங்களா?"

எனக்கு இந்தக் காரியங்களில் நம்பிக்கை கிடையாது. கல்லும் மிளகாயும் என்ன செய்யும்? ஆனால் நாற்பத்தாறு வருடமாக எனக்குச் சோறு போடும் கை அது. கையை ஊதி ஊதிக் காட்டினாள். நான் விசிறிவிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

டீக்கடையில் சபாபதி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இனி எந்தத் தோட்டத்துலயும் திருமூர்த்தியைச் சேர்க்க மாட்டாங்க. குடிகாரனை மரத்துல ஏத்தி எவன் ஜெயிலுக்குப் போறது? கால் சரியானாலும் அவ்வளவுதான்."

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் கோபக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும்.

நவம்பர் 6, புதன்

கடிதம் வந்துவிட்டது. மாவட்டத்தில் முதல் பரிசு. விழா நவம்பர் 24. தலைமை சின்ன முதலாளிதான். பெயர் சரியாக, 'ன்' சரியாக அச்சாகியிருக்கிறது.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றியது. இதைப் பார்த்து உண்மையாகச் சந்தோஷப்படக்கூடிய ஆள் ஊரில் ஒருவன்தான். அவன் கட்டிலில் கிடக்கிறான்.

நவம்பர் 9, சனி

வசந்தாமணி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பட்டறையில் தனியாக இருக்கிறேன். மத்தியான வெயில். டிரில் மேல் பல்லி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதுகிறேன்.

பூஜை முடிந்து வசந்தாமணி உள்ளே போன பிறகு, பூஜையில் வைத்த சுத்தியலையும் இடுக்கியையும் எடுத்தேன். மறுநாள் காலை வரை தொடக் கூடாதவை. ஆணியைத் துளையில் செருகி மடக்கினேன். கோணல். நிமிர்த்தி மறுபடி மடக்கினேன். இரண்டு தடவை மடக்கிய இரும்பு அந்த இடத்தில் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். முதல் மாதம் வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தெரியும்.

பார்த்தால் ஆணி என்று தெளிவாகத் தெரிந்தது. திருமூர்த்தி கண்ணில் பட்டால் ஏற மாட்டான். சொல்லியிருந்தான்.

கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. அதை வழித்து எடுத்து ஆணிமேல் அப்பினேன். அதன்மேல் குங்குமம் வைத்தேன். வைத்தவள் வசந்தாமணி இல்லை. நான்.

அவன் சுரண்டிப் பார்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். பூஜை செய்த பொருள்மேல் வைத்த பொட்டை எந்தத் தொழிலாளி சுரண்டுவான்? மறுநாள் அவன் குனிந்தான், அந்த இடத்தைத் தேடினான், பொட்டைப் பார்த்தான். இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏறினான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் விழுந்ததும் நான் அவனிடம் ஓடவில்லை. மரத்தடியில் முறிந்து கிடந்த ஆணியைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் ஓடினேன். எத்தனை வினாடி என்று தெரியாது. வாயில் மண்ணோடு அவன் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

போனேன்.

திருமூர்த்தி கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். ஈஸ்வரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சௌந்தர்யா வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்பன் இருக்கும் பக்கம் அவள் திரும்புவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தேன், திரும்பவில்லை.

"வாங்க மேஸ்திரி. பரிசு வந்துருச்சாமா? சபாபதி வந்து சொன்னாருங்க" என்று திருமூர்த்தி எழ முயன்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. "நா சொன்னனுங்கல்ல, மாப்பிள்ளை ஊர்கோலம்னு."

உட்காரவில்லை. பையிலிருந்து ஆணியின் இரண்டு துண்டையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். ஊசி உடைந்தது, ஆணி போட்டது, சந்தனம் அப்பியது, பொறுக்கிக்கொண்டு ஓடியது. சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன், கம்பெனி, நாற்காலி, எழுபத்தொன்று எல்லாம். ஒன்றும் வாயில் வரவில்லை.

முறத்தின் சத்தம் நின்றது. திருமூர்த்தி ஆணித் துண்டை எடுத்து முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். வெகுநேரம் தடவினான்.

"சௌந்தர்யா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. "சௌந்தர்யா, இங்க வா கண்ணு."

எழுந்து வந்து கட்டில் காலருகே நின்றாள். என்னைப் பார்க்காமலே அவன் சொன்னான்: "இன்னொருக்கா சொல்லுங்க மேஸ்திரி. அவ கேக்கட்டும்."

இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவை போல் இல்லை. அந்தப் பெண்ணின் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதியில் நின்றேன். திருமூர்த்தி, "அந்தப் பொட்டு" என்று எடுத்துக் கொடுத்தான். பொட்டையும் சொன்னேன்.

"அப்ப எங்கப்பா குடிக்கலைங்களா?"

"இல்ல கண்ணு."

"அன்னிக்கே உங்குளுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

 அவள் மாவுக்கட்டுக்கு அடியில் நழுவியிருந்த தலையணையைச் சரியாக இழுத்து வைத்தாள். "காப்பி வெக்கட்டுங்களாப்பா?" என்றாள். திருமூர்த்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

எனக்கு யாரும் காப்பி கேட்கவில்லை. ஈஸ்வரி மட்டும் சொன்னாள்: "மொளகா அரைச்சது உங்க ஊட்டம்மாங்க. அவங்ககிட்டயும் சொல்லிப்போடுங்க."

ஆணியை எடுக்கக் கை நீட்டினேன்.

"அது இங்கயே இருக்கட்டுங்க" என்றான் திருமூர்த்தி. சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

நவம்பர் 11, திங்கள்

காலையில் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். வரைபடத்துக்கு எழுதுவது போல அளவாக எழுதினேன். விபத்து: ஒன்று. காரணம்: ஊசிக்குப் பதில் ஆணி, மறைத்து வைத்தது. செய்தவன்: சென்னியப்பன். ஏறியவர் குடித்திருக்கவில்லை. பரிசு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அது அவர்கள் முடிவு. ஆனால் கொடுக்க மாட்டார்கள். இருபத்துநாலாம் தேதி சின்ன முதலாளி மைக்கில் வேறு யார் பெயரையோ படிப்பார். எழுதும்போது வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். வசந்தாமணி ஊரிலிருந்து வந்திருந்தாள். சொன்னேன்.  அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள், எதிரில் உட்காரவில்லை.

சபாபதி பாக்கி. டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது சொல்ல வேண்டும். குடிகாரன் என்ற பேச்சு அங்கேதான் வளர்ந்தது. அதை அங்கேயே வெட்ட வேண்டும். இன்று மிகவும் அலுப்பாக இருக்கிறது, முட்டியும் வீங்கியிருக்கிறது. நாளைக் காலை போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுத ஆரம்பித்துத் தலையைத் தூக்கினேன்.

சுவரில் 'இன்றே' என்ற அந்த அட்டை இருக்கிறது. எழுதியது என் கைதான்.

மணி நாலரை. கடையில் கூட்டம் சேரும் நேரம். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.